நிலையறி சோதனை

கிளிநொச்சியில் ஒரு கணித வகுப்பின் வாசலில் அறிவித்தல் ஒட்டியிருந்தது: "புதிய மாணவர்களுக்குத் தரப்படுத்தல் பரீட்சை, சனிக்கிழமை காலை 8 மணி." அதை வாசித்த ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "சேர், இதில விழுந்தா பிள்ளையை எடுக்க மாட்டினமோ?" இந்தக் கேள்வி எத்தனையோ தரம் என் காதில் விழுந்திருக்கிறது. பிழை தாயில் இல்லை, 'தரப்படுத்தல்' என்ற சொல்லில்.

ஆங்கிலத்தில் இது பிளேஸ்மென்ட் டெஸ்ட். பிளேஸ், அகன்ற தெருவைக் குறித்த கிரேக்கச் சொல்; இலத்தீன், பிரெஞ்சு வழியாக வந்து 'இடம்' ஆனது. டெஸ்ட், உலோகத்தை உருக்கி மாற்றுப் பார்த்த மண்சட்டியின் இலத்தீன் பெயரிலிருந்து வந்தது. வேர் அவ்வளவு போதும். பாடநெறி தொடங்க முன் மாணவர் எந்தப் படியில் கால் வைக்கலாம் என்று பார்ப்பதுதான் இதன் வேலை. பின்னத்திலேயே தடுமாறுகிறாரா, இருபடிச் சமன்பாடு வரை வந்துவிட்டாரா என்று அறிந்தால் போதும். சித்தி, சித்தியின்மை என்ற பேச்சே இல்லை. அமெரிக்கக் கல்லூரிகள் பல வைக்கும் அலெக்ஸ் (ALEKS) என்ற கணினிவழிக் கணிதச் சோதனையில் 'எனக்குத் தெரியாது' என்று அழுத்தவே ஒரு பொத்தான் இருக்கிறது. குருட்டு வாக்கில் சரியாகப் போட்டுவிட்டால், தாங்க முடியாத வகுப்பில் போய் இருக்க நேரும்.

இதைப் போய்த் தரப்படுத்தல் என்கிறார்கள்! இந்தத் தீவில் அது வெறும் சொல்லா? 1970களின் தொடக்கத்தில், பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சிங்கள மொழிமூலத்தாருக்கு 400க்கு 227 புள்ளி போதும், தமிழ் மொழிமூலத்தாருக்கு 250 வேண்டும் என்று ஆக்கிய ஏற்பாட்டின் பெயர் அது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது வன்னிப் பிள்ளைகள் சிலருக்குக் கதவு திறந்ததும் உண்மைதான். ஆனாலும் சொல்லின் சூடு ஆறவில்லை. தரப்படுத்தல் என்றால் யாரோ ஒரு பிள்ளை வெளியே நிற்கப் போகிறது என்றுதான் வீடுகளில் விளங்கும். பொருளும் பொருந்தவில்லை. தரப்படுத்தல், பலரின் புள்ளிகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது. இங்கே ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடுவதே இல்லை. மாணவரையும் பாடத்தையும்தான் பொருத்திப் பார்க்கிறோம்.

மற்றவை இன்னும் மோசம். மொழிபெயர்ப்புப் பொறி 'வேலைவாய்ப்புத் தேர்வு' என்கிறது. 'வைப்புத் தேர்வு' என்றால் வங்கிக் கணக்கு நினைவுக்கு வரும். அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டுகிறார்கள். அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. இப்படி ஒட்டிய சொற்களை மாணவர்கள் தலையில்தான் சுமக்கிறார்கள்.

நண்பர் ஒருவர் 'மட்டமறி சோதனை' என்றார். எனக்கும் முதலில் பிடித்தது. 36 அடி கொள்ளும் இரணைமடுவில் 20 அடி நீர் நின்றால் குளம் தோற்றுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்றுதான் கணக்குப் பார்க்கிறோம். அதே வேலைதான் இந்தச் சோதனைக்கும். ஆனால் 'ஆள் மட்டம்' என்று இழிவாகப் பேசுகிற ஊரில் பிள்ளையிடம் அந்தச் சொல்லை நீட்ட முடியாது.

அதனால் நிலையறி சோதனை. ஆசிரியர் பயிற்சியில் 'குறையறி சோதனை' ஏற்கெனவே இருக்கிறது, இது அதன் உடன்பிறப்பு. சோதனையும் வடசொல்தானே என்பார்கள். ஆம், பரீட்சையும் அப்படித்தான். தூய்மைக்காகத் 'தேர்வு' என்று வைத்தால், எங்கள் பக்கத்தில் அது ஆளைத் தெரிவு செய்வதாகிவிடும். மறுபடி அதே பயம். சோதனை என்றதும் ஓமந்தையில் முன்பு இருந்த இராணுவச் சோதனைச் சாவடியை நினைப்பவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் 'சோதினை எழுதப் போறன்' என்ற பேச்சு அதைவிடப் பழையது.

அந்தத் தாயிடம் சொன்னேன்: "பிள்ளை எந்த நிலையில நிக்கிது எண்டு பாக்கத்தான் அம்மா. ஒருத்தரையும் திருப்பி அனுப்ப மாட்டினம்."

"அப்ப அதை அப்பிடியே எழுதி ஒட்டியிருக்கலாமே, சேர்," என்றார்.