வழவழ கிரானைட்டும் விரிசல் சுவரும்: நாய், பூனை வளர்க்கும் வீடுகளுக்கு

"போன மாசம்தான் உண்ணிக்கு ஊசி போட்டோம் சார், மறுபடியும் ஏறிடுச்சு." தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நாயைக் கூட்டிவருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. ஊசியைக் குறை சொல்லுமுன் அந்த வீட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும். நாய் பின்னங்காலை இழுத்து நடந்தால் தரையைப் பார்க்க வேண்டும். பூனை எச்சில் ஒழுக்கிக்கொண்டு வந்தால், காலையில் எதை ஊற்றித் தரையைத் துடைத்தீர்கள் என்று கேட்க வேண்டும். மருந்துச் சீட்டில் பாதியை வீட்டுக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் உண்ணி. நம் வீட்டு நாய்களில் ஏறும் பழுப்பு உண்ணி, வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. குஞ்சாக ஒருமுறை, இளம் பருவத்தில் ஒருமுறை, வளர்ந்தபின் ஒருமுறை என மூன்று தடவை ஏறி ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் குடித்து முடித்ததும் கீழே விழுந்துவிடும். ஆமணக்கு விதை மாதிரி ஊதிக் கிடக்கிறதே, அதுதான் முட்டையிடப் போகும் பெண் உண்ணி. அது சுவரேறி ஏதாவது இடுக்கில் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள்: கதவு நிலைக்குப் பின்னால், சுவிட்ச் போர்டு ஓரம், சாமி படத்துக்குப் பின்புறம், சுவரும் கூரையும் சேரும் மூலை. பூசாத ஹாலோ பிளாக் காம்பவுண்டும், மண் வைத்துக் கட்டிய கருங்கல் சுவரும் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு வருஷத்துக்கு மேல்கூடப் பட்டினி கிடந்து தாங்கும் பூச்சி அது.

ஆகவே நாய்க்கு மருத்துவர் தரும் மாத்திரையோ சொட்டு மருந்தோ ஒருபக்கம் நடக்கட்டும். மறுபக்கம் கொத்தனார் வேலை. இடுக்கைக் கரண்டியால் சுரண்டித் தூசி தட்டி, தண்ணீர் தெளித்து, ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவையால் அடைக்க வேண்டும். மயிரிழை விரிசலுக்கு வால் புட்டி போதும். ஹாலோ பிளாக் சுவரின் உச்சி வரிசையில் துளைகள் திறந்திருந்தால் அவற்றையும் மூடிவிடுங்கள். நாய் படுக்கும் சணல் சாக்கைத் தூக்கிப் போடுங்கள். அதன் பின்னலே உண்ணிக்கு வீடு. துணி விரிப்பு என்றால் வாரம் ஒருமுறை கொதிக்கும் சூட்டு நீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் காயப்போட்டால் சரி.

சுவருக்கு மருந்து அடிப்பதானால், மருந்து பாட்டிலில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். முட்டை சாகாது, பொரித்து வரும் குஞ்சுதான் சாகும். அதனால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று மாதம் விடாமல் அடிக்க வேண்டும். ஒருமுறை அடித்துவிட்டு "மருந்து கேக்கல" என்பது தவறு. ஈரம் நன்றாகக் காயும்வரை நாயும் பூனையும் உள்ளே வரக்கூடாது. மீன்தொட்டி இருந்தால் அப்புறப்படுத்துங்கள். நம் ஊருக்கென்று இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டை ஒட்டியே மல்பெரித் தோட்டமும் புழு வளர்ப்பு மனையும் இருக்கும். உண்ணியைக் கொல்லும் டெல்டாமெத்ரின் போன்ற மருந்து பட்டுப்புழுவையும் கொல்லும். காற்றில் துளி பறந்து இலையில் படிந்தாலே போதும். அங்கே மருந்தை மறந்துவிட்டு, பூச்சு வேலையையும் நாய்க்கான மாத்திரையையும் நம்புங்கள்.

மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து நாய்க்கும் பூனைக்கும் ஊற்றுவதை என்ன சொல்ல. பூனைக்கு அது விஷம். நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்துகூடப் பூனைக்கு ஆகாது. நடுக்கம் கண்டு வலிப்பு வரும்.

உண்ணி உள்ள வீட்டில் நாய் சாப்பாட்டை ஒதுக்கினாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டு போங்கள். உண்ணிக் காய்ச்சல் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும்.

அடுத்தது தரை. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு கிரானைட் கைக்கெட்டிய கல். கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டதைத்தான் நடைமுதல் கொல்லைவரை பதிக்கிறோம். நாயின் பாதத்துக்கு அதில் பிடிப்பே இல்லை. வளர்கிற லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிகள் பின்னங்கால் அகல வழுக்கி வழுக்கி எழுந்தால், பரம்பரையாகவே தளரக்கூடிய இடுப்பு மூட்டு இன்னும் கெடும். வயதான நாய் எழ முடியாமல் நீந்துகிற மாதிரி காலை அடிக்கும்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் போர்டிகோ, படி, துணி துவைக்கும் இடம் மூன்றுக்கும் ஃப்ளேம்டு ஃபினிஷ் கேளுங்கள். கல்லின் மேல் கேஸ் தீயைக் காட்டும்போது பரப்பு சில்லுச் சில்லாகத் தெறித்துச் சொரசொரப்பாகும் கல் அது. ஹாலுக்குத் தோல் மாதிரி லேசான சொரசொரப்புள்ள லெதர் ஃபினிஷ் போதும். ஃப்ளேம்டு கல்லில் ஒரு குறை, அந்தப் பள்ளங்களில் மூத்திரம் தங்கும்; பதித்து நன்றாக உலர்ந்ததும், கல் ஈரம் உறிஞ்சாமல் தடுக்கும் சீலர் பூச வேண்டும். கல் இணைப்புக்கு வெள்ளை சிமென்டை விட எபாக்சி கிரவுட் என்ற பிசின் கலவை நல்லது. சிமென்ட் இணைப்பு மூத்திரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மழை நாளில் நாறும்.

ஏற்கெனவே பாலிஷ் தரை என்றால் இடிக்க வேண்டாம். நாய் நடக்கும் தடத்தில் மட்டும், அடியில் ரப்பர் ஒட்டிய நீளப் பாயை விரியுங்கள். விரல் இடுக்கில் வளரும் முடியைப் பாதத்தின் அடிச்சதையோடு சமமாக வெட்டிவிட்டால் பாதி வழுக்கல் குறைந்துவிடும். நடக்கும்போது நகம் தரையில் டக் டக் என்று கேட்டால் அதுவும் நீளம்தான். ஒன்றரை அடி உயரத் திண்ணைக்குச் சாய்தளம் போட்டால் நீளம் நாலரை அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். கிழட்டு நாய்க்கு ஆறடி. வாசலில் கருங்கிரானைட் இருந்தால் மதிய வெயிலில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள்; உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதமும் கொப்பளிக்கும்.

மூத்திரம் போன இடத்தில் முதலில் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தண்ணீரை ஊற்றிப் பரப்பக்கூடாது. மூத்திரப் படிவு வெறும் தண்ணீரில் முழுதாகப் போகாது; நாறிய இடத்திலேயே நாய் மறுபடியும் போகும். என்சைம் கிளீனரை ஊற்றி 10 முதல் 15 நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தால்தான் போகும். ஆசிட் சிமென்ட் இணைப்பை அரிக்கும். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் போட்டால் அமோனியாவோடு சேர்ந்து கிளம்பும் வாயு உங்கள் நெஞ்சையும் அடைக்கும். பினாயில் பூனை வீட்டுக்கே ஆகாது. பாதத்தில் ஒட்டியதை நக்கும், அந்தப் பீனாலைக் கழிக்க அதன் ஈரலால் முடியாது. சோப்புத் தண்ணீர் போதும்.

நாய்க்கூண்டை மொட்டை மாடியில் தகரத்துக்குக் கீழ் வைக்காதீர்கள். தருமபுரி மே மாத வெயிலில் அது அடுப்பு. தரையிலிருந்து ஆறு அங்குலம் தூக்கி, மர நிழலில், மேலே கீற்று போட்டு வையுங்கள். குடிநீர் கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி என்று கணக்கு. 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்கு மேல். நாம் ஒகேனக்கல் தண்ணீர் குடித்துக்கொண்டு, ஃபுளோரைடு மிகுந்த போர் தண்ணீரை நாய்க்கு ஊற்றுவது நியாயமில்லை. பல்லும் எலும்பும் அதற்கும் உண்டு.

தோட்டத்தில் அரளி வேண்டாம், இலை, பூ, வேர் எல்லாமே இதயத்தைத் தாக்கும். நர்சரியில் அழகுக்கு வாங்கும், சின்னப் பனை மாதிரி இருக்கும் சைகஸின் விதை நாயின் ஈரலை முடிக்கும். பொக்கேயில் வரும் லில்லியம் பூவின் மகரந்தத்தைப் பூனை நக்கினாலே சிறுநீரகம் போகும். ரோஜா, மல்லி, துளசி பயமில்லை. மாம்பழ சீசனில் கொட்டையை மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். விழுங்கிய கொட்டை குடலை அடைத்தால் அறுவைதான் வழி. எலி பேஸ்ட் தடவிய தக்காளியைப் பரணில் வைத்தாலும் எலி அதைக் கீழே இழுத்து வந்து போடும். அந்தப் பேஸ்டில் மஞ்சள் பாஸ்பரஸ் இருந்தால் அதற்கு மாற்று மருந்தே இல்லை. மிச்சச் சோற்றை ராத்திரி தட்டில் விட்டுவைக்காவிட்டால் எலியும் குறையும், எலி தேடி வரும் பாம்பும் குறையும்.

ஓசூர் அடுக்குமாடிப் பூனைகளுக்கு ஒரு வார்த்தை. கொசுவலையை ஜன்னல் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். நகத்தால் கிழித்துக்கொண்டு நாலாவது மாடியிலிருந்தும் விழும். பால்கனிக்குப் புறா வலை கட்டினால் நான்கு ஓரமும் கொக்கியில் இறுகியிருக்க வேண்டும். நைலான் வெயிலில் இற்றுப்போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விரலால் இழுத்துப் பாருங்கள், பொடிப்பொடியாக உதிர்ந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.