தேர் திரும்பும் வீதி, தெரு முட்டும் நகர்

திருவாரூர் ஆழித்தேர் கிளம்பிய நிலைக்கே வந்து சேர வேண்டும். அவ்வளவு பெரிய தேரைப் பின்னுக்கு இழுக்க வழியில்லை. ஆகவே தேரோடும் வீதிகள் நான்கும் ஒரு முழுச் சுற்றாக இருந்தே தீர வேண்டும்.

ஊர் வயலுக்குள் நீளும்போது அந்தக் கட்டாயம் இல்லை. ஐந்து ஏக்கர் நஞ்சையை ஒருவர் மனை பிரிக்கிறார்: சாலையோரம் 80 மீட்டர் அகலம், உள்ளே 250 மீட்டர் ஆழம். நடுவில் ஒரு தெரு, அதில் நான்கு இடங்களில் இருபுறமும் குறுக்குத் தெரு; நான்காவதோடு நடுத்தெரு முடிகிறது. எட்டு முனைகளும் முட்டுச்சந்து. சாலை நுழைவையும் சேர்த்தால் 13 புள்ளிகள்; ஒவ்வொரு புள்ளியிலும் கூடும் தெருக் கிளைகளை, பெரிய சாலையின் இரு பக்கத்தையும் சேர்த்து, எண்ணிக் கூட்டினால் 26. புள்ளிக்குச் சராசரி 2. இருபக்கத்து மனைப்பிரிவுகளோடும் அந்த எட்டு முனைகளை இணைத்தால் முட்டுச்சந்துகள் மறைந்து, மிஞ்சும் 5 சந்திகளில் 18 கிளைகள், சராசரி 3.6. தெரு இணைப்பை அளக்க ஆய்வாளர்கள் முதலில் பார்க்கும் எண்களில் இந்தச் சராசரி ஒன்று; அது கூடினால் இணைப்பும் கூடுதல்.

இன்னொன்று சுற்றுவழி. இரண்டு மனைப்பிரிவுகளுக்கு நடுவே ஒரு கன்னி வாய்க்கால், அதாவது வயலுக்கு நீர் போகும் சிறு கிளை வாய்க்கால். அதன் இரு கரையிலும் எதிரெதிரே இரண்டு வீடுகள், இடைவெளி 20 மீட்டர். பெரிய சாலைக்குப் போய் அடுத்த நகருக்குள் நுழைந்து வந்தால், கடைசித் தெருக்காரருக்கு 630 மீட்டர். பால் வாங்கவும் வண்டியை எடுப்பார்; அதுவும் பேருந்து ஓடும் சாலையில்தான் போய்ச் சேரும். குடிநீர்க் குழாயும் தெருவோடே முட்டி நிற்பதால் கடைசி வீட்டில் தண்ணீர் தேங்கி, குளோரின் குறையும்.

வாய்க்கால்மேல் ஒரு சிறுபாலம் போட்டால் தீராதா? தீரும், சரியாகப் போட்டால். விட்டம் குறைந்த குழாயைப் புதைத்தாலோ, குழாயின் அடி வாய்க்கால் அடியைவிட உயர்ந்தாலோ, வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டு ஐப்பசி மழையில் மேல்புற வயல் மூழ்கும். வாய்க்காலின் முழு அகலத்துக்கும் பெட்டி வடிவக் கான்கிரீட் பாலமே நல்லது. நீர்வளத்துறை வாய்க்காலென்றால் அவர்கள் அனுமதியும் வேண்டும்.

பாலத்தைவிடப் பெரிய சிக்கல் தெரு முனையில் விற்கப்பட்ட மனை. அங்கே வீடு எழும்பிவிட்டால் தெருவை நீட்ட இடமில்லை. வீடுகள் இடிந்து மறுபடி எழும், தெருக்கோடு அநேகமாக அப்படியே இருக்கும். மனை வாங்குவோர் வரைபடத்தில் தெருக்கோடு எல்லை வரை போகிறதா, அதற்கு முன்பே ஒரு மனை எண்ணில் முட்டுகிறதா என்று பார்க்கலாம். எல்லைக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று புலப்படம், அதாவது நில அளவை வரைபடம், சொல்லும்.