ரேஸ் டிராக்கில் முதலில் தோற்பது ரப்பர்

பிஎம்டபிள்யூ 2000 முதல் 2006 வரை தயாரித்த ஈ46 எம்3 காரின் பின்பக்கம் குனிந்து பார்த்தால், ஒவ்வொரு சக்கரத்திலிருந்தும் முன்னோக்கி நீளும் கனமான உலோகக் கை ஒன்று தெரியும். டிரெய்லிங் ஆர்ம் என்பார்கள். அதன் முன்முனை காரின் அடித்தகட்டோடு சேருமிடத்தில் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது, அதாவது உலோகக் குழாயோடு ஒட்டிய ரப்பர் மெத்தை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 343 குதிரைத்திறன், ஒன்றரை டன் எடை என்று பெரிய எண்களையெல்லாம் பேசும் காரில், பின்சக்கரம் எந்தப் பக்கம் பார்த்து ஓட வேண்டும் என்பது பெரும்பாலும் இந்தத் துண்டு ரப்பரின் கையில். டிராக்குக்கு அடிக்கடி போகும் எம்3-யில் மெக்கானிக் முதலில் கைவைத்துப் பார்ப்பதும் இதைத்தான்.

இவ்வளவு முக்கியமான இடத்தில் ஏன் ரப்பர்? உலோகத்தோடு உலோகம் சேர்ந்தால் சாலையின் ஒவ்வொரு சரளைக்கல்லும் காதுக்குள் கேட்கும் என்பது பாதி பதில். மீதி பாதி சுவாரசியமானது. வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரைவிட்டுக் காலை எடுத்தால் பின்சக்கரம் வெளிப்பக்கம் திரும்பப் பார்க்கும், கார் சுழன்றுவிடும். 1977-இல் வந்த போர்ஷே 928-இன் வைசாக் ஆக்ஸில் என்ற பின்சக்கர அமைப்பில் இதைத் தலைகீழாக்கினார்கள். பின்பக்க இணைப்பின் நெகிழ்வையே பயன்படுத்தி, அந்த நேரத்தில் சக்கரம் சற்று உட்பக்கம் திரும்பும்படி அமைத்தார்கள். ஆக, ரப்பர் எவ்வளவு வளையும், எந்தத் திசையில் வளையும் என்பது கணக்குப் போட்டு வைத்த விஷயம். ரப்பர் தளர்ந்தால் கெடுவது அந்தக் கணக்கு.

ரப்பர் ஒவ்வொரு முறை நசுங்கி மீளும்போதும் வாங்கிய ஆற்றலில் ஒரு பங்கைத் திருப்பித் தராமல் வெப்பமாக வைத்துக்கொள்ளும். சாதாரண ஓட்டத்தில் அந்தச் சூடு ஆறிவிட நேரமிருக்கிறது. டிராக்கிலோ வளைவுக்கு வளைவு புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசை, இடையில் முழு பிரேக், முழு ஆக்ஸிலரேட்டர். ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளேயே வெந்து, உலோகக் குழாயோடு ஒட்டியிருக்கும் விளிம்பில் கிழியத் தொடங்கும். பிரேக் போடும்போது தரை டயரைப் பின்னால் இழுக்கிறது. அந்த இழுப்பு டிரெய்லிங் ஆர்முக்கு வெளிப்புறத்தில் விழுவதால் சக்கரத்தின் முன்விளிம்பு வெளியே திரும்பும். கிழிந்த புஷ்ஷால் அதைத் தடுக்க முடியாது. நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்ததும் வால் அலைபாய்வதும், கேஸ் கொடுத்தால் ஒழுங்காவதும் இதனால்தான். பலர் டயரைக் குறை சொல்வார்கள். நியாயமாகச் சந்தேகிக்க வேண்டியது புஷ்ஷை.

முன்பக்கத்தில் ஆட்டம் இன்னும் பொல்லாதது. ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும் கம்பியின் முனைக்கும் (டை ராட் எண்ட்) சக்கரம் திரும்பும் அச்சுக்கும் இடைவெளி சுமார் 13 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரே ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் விழுந்தால் சக்கரம் ஸ்டீயரிங்கைக் கேட்காமலேயே 0.44 டிகிரி திரும்பிக்கொள்ளும். அலைன்மென்ட் செய்யும்போது நாம் வைக்கும் டோ அளவு, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம், பல கார்களில் அதில் பாதிகூட இருக்காது. பிறகு எத்தனை முறை லேசர் அலைன்மென்ட் செய்தாலும் என்ன பயன்?

பால் ஜாயின்ட் என்பது கிண்ணத்துக்குள் உருண்டை சுழலும் மூட்டு. அதைக் கொல்வது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரன், அதாவது பிரேக் டிஸ்க். டிராக்கில் டிஸ்க்கின் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சகஜம். சில அங்குலத் தொலைவில் இருக்கும் ரப்பர் பூட் (மூட்டின் உறை) காய்ந்து வெடிக்கும், கிரீஸ் உருகி வழியும், அந்த வழியாகத் தூசியும் பிரேக் பேட் துகளும் நுழையும். அதற்கப்புறம் அது கிண்ணத்தை அரைக்கும் வேலைதான்.

வீல் பேரிங்கின் கதை கணக்காகவே சொல்லத்தக்கது. ஒன்றரை டன் கார் 1 ஜி-யில், அதாவது புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசையில், திரும்பும்போது மொத்தப் பக்கவாட்டு விசை ஏறக்குறைய 15,000 நியூட்டன். அதில் 40 சதவீதத்தை வெளிப்புற முன்சக்கரம் தாங்குகிறது என்றால் 6,000. அது தரையில், பேரிங்குக்கு 33 செ.மீ. கீழே செயல்படுகிறது. பேரிங்கை ஒடிக்கப் பார்க்கும் முறுக்கம் சுமார் 2,000 நியூட்டன் மீட்டர். இந்தக் காரின் வீல் போல்ட்டை முடுக்கும் அளவைப்போல் பதினாறு மடங்கு. குண்டு பேரிங்கின் ஆயுள் சுமையின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் குறையும்: சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்று. தளர்ந்த பேரிங் இரைச்சலிடும் முன்பே வேறொரு குறும்பு செய்யும். வளைவில் டிஸ்க் சாய்ந்து பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த பிரேக்கில் பெடல் திடீரென்று ஆழமாக இறங்கும், இரண்டாம் மிதியில் சரியாகும். பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று நினைத்து அதை மாற்றி மாற்றிச் சலிப்பவர்கள் உண்டு.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃப, 1927-இல் திறந்த 20.8 கிலோமீட்டர் பாதை, இவை எல்லாவற்றையும் ஒரே சுற்றில் சோதித்துவிடும். ஃபுக்ஸ்ரோரே சரிவின் அடியில் ஸ்பிரிங்குகள் முழுக்க அமுங்கும். காருசெல் வளைவின் உட்புறம் சாய்வான கான்கிரீட் பலகைகள். ஒவ்வொரு மூட்டிலும் ஓர் இடி. ஷாக் அப்சார்பரில் ஆயில் சூடேறி இளகும் நேரம் பார்த்து இந்த இடிகள் விழும்.

சரி, ரப்பரைத் தூக்கிவிட்டு அதைவிடக் கடினமான பாலியூரிதேன் போடலாமே, உலோக உருண்டை ஜாயின்டே போடலாமே என்று தோன்றும். போடலாம், திருப்பத்தில் கூர்மை கூடும். ஆனால் ரப்பர் விழுங்கிய அதிர்ச்சி எங்கோ போயாக வேண்டும். ஈ46-இன் பின்பக்க சப்ஃபிரேம், அதாவது பின்சக்கர அமைப்பைத் தாங்கும் சட்டகம், நான்கு இடங்களில் மெல்லிய தரைத்தகட்டோடு போல்ட் செய்யப்பட்டது. கேஸ் கொடுத்து விடும் ஒவ்வொரு முறையும் தகடு ஒருபுறம் இழுபட்டு மறுபுறம் தள்ளப்படும். கம்பியை முன்னும் பின்னும் வளைப்பதுபோல. சாலையில் மட்டும் ஓடிய கார்களிலேயே அங்கே விரிசல் கண்டிருக்கிறார்கள். எனவே புஷ்ஷைக் கடினமாக்குவதற்கு முன் தகட்டுக்கு வலுப்பட்டை வெல்டிங் செய்வதே முறை. வரிசையை மாற்றினால் சில ஆயிரம் ரூபாய் புஷ்ஷைக் காப்பாற்றி காரின் உடலைத் தேய்க்கிறோம்.

பரிசோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அதைக் கடிகார முகமாக நினைத்து, முள் 3, 9 காட்டும் இடங்களில் பிடித்து ஆட்டினால் டை ராட் ஆட்டம் தெரியும். 12, 6-இல் ஆட்டினால் பால் ஜாயின்ட். இரண்டு பக்கமும் ஆடினால் பேரிங். புஷ்ஷுக்கு மட்டும் கடப்பாரையால் நெம்பிப் பார்க்க வேண்டும்.

புது ரப்பர் புஷ் போட்டபின் போல்ட்டைக் கடைசியாக முடுக்குவது, கார் தன் எடையில் நிற்கும் உயரத்தில்தான் நடக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே முடுக்கிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். நிறுத்தி வைத்திருக்கும்போதுகூட அந்த முறுக்கு விடாது. டிராக்கைப் பார்க்கும் முன்பே அதன் ஆயுளில் பாதி போய்விடலாம்.