கையில் கரண்ட் இல்லை, காற்றுதான்

நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம் போகிற சாலையில் லாரி டயர் கடை எதில் நின்றாலும் அந்தச் சத்தம் கேட்கும். நட்டில் ஏர் கன்னை வைத்து விசையை அழுத்துவார்கள். படபடவென்று சில நொடி, நட்டு கழன்றுவிடும். அதே நட்டை நீளமான ஸ்பானர் போட்டு ஆள் ஏறி மிதித்துக் கழற்றியதைப் பார்த்தவர்களுக்கு, ஒரு ரப்பர் குழாய்க்குள் இத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்று தோன்றத்தான் செய்யும்.

பட்டறையில் "90 பவுண்டு காற்று" என்பார்கள். ஒரு சதுர அங்குலத்தில் 90 பவுண்டு அழுத்தம் என்று பொருள். நம் கணக்கில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பத்து ரூபாய் நாணயம் அகலமுள்ள பிஸ்டனை இந்தக் காற்று தள்ளினால் சுமார் 35 கிலோ விசை கிடைக்கும். பிஸ்டனோ உள்ளங்கையில் அடங்குவது. அதனால் நொடிக்குள் வேகமெடுத்து உளியின் வாலில் மோதும்.

சிற்பி பிடிக்கும் காற்று உளிக்குள் நடப்பது இதுதான். பிஸ்டன் முன்னே போனதும் அதன் உடம்பே ஒரு துளையை மூடி இன்னொன்றைத் திறக்கிறது. காற்று மறுபக்கம் புகுந்து பிஸ்டனைத் திருப்பி அனுப்புகிறது. நிமிடத்துக்குச் சில ஆயிரம் முறை அடிக்கும். மின் மோட்டாரில் இருப்பதுபோல் உள்ளே காயில் (செம்புக் கம்பிச் சுருள்) இல்லை, கார்பன் பிரஷ் இல்லை, பல்சக்கரம் இல்லை. அடி ஒவ்வொன்றும் சிறியது என்பதால், மயிலாடி மாதிரி கருங்கல் வேலை நடக்கும் ஊரில் மூக்கு, விரல், நகை என்று நுணுக்கமான இடத்துக்கு இது பொருந்தும். டிரிக்கரைத் தளர்த்தினால் அடியும் மெலிந்துவிடும்.

காற்றுக் கருவியின் பெரிய குணமாக நான் நினைப்பது வேறொன்று: முட்டிக்கொண்டு நின்றுபோனால் அதற்கு ஒன்றும் ஆகாது. மின் மோட்டார் சுற்றும்போது, அந்தச் சுழற்சியே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக் கரண்டை அளவோடு வைத்திருக்கிறது. சுழற்சி நின்றால் அந்தத் தடை போய், வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் பாயும். கொஞ்ச நேரத்தில் காயில் எரிந்துவிடும். காற்றுக் கருவி நின்றால் காற்று அழுத்திக்கொண்டு சும்மா நிற்கும், அவ்வளவுதான். தடையை எடுத்தால் மறுபடி ஓடும். தவிர, வெளியேறும் காற்று விரியும்போது குளிர்வதால் கருவியும் சூடேறாது.

குளச்சல், சின்னமுட்டம் போன்ற துறைமுகப் பக்கங்களில் படகு பழுது பார்ப்பவர்களுக்கு இன்னொரு நன்மை. ஈரமும் உப்பும் உள்ள இடத்தில் வயர் உரிந்த கிரைண்டரைப் பிடிப்பது உயிரோடு விளையாடுவது. காற்றை அழுத்தித் தரும் எந்திரமான கம்ப்ரசரை உலர்ந்த கொட்டகையில், ஒழுங்காக எர்த் செய்து வைத்துவிட்டால் ஆள் நிற்கும் இடத்துக்குக் குழாய் மட்டும் போகும்.

ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து பிரான்சையும் இத்தாலியையும் ரயிலால் இணைத்தபோது கைகொடுத்ததும் இதே குணம்தான். 1857-இல் வேலை தொடங்கிய அந்தச் சுரங்கத்துக்குள் நீராவி எந்திரத்தைக் கொண்டுபோக முடியாது. புகை ஆளைக் கொன்றுவிடும். 1861-இல் ஜெர்மைன் சோமெய்யே என்ற பொறியாளர், வெளியே ஆற்று நீரின் பலத்தால் காற்றை அழுத்திக் குழாய் வழியே உள்ளே அனுப்பித் துளைக்கருவிகளை ஓட்டினார். கருவியை விட்டு வெளியேறிய காற்று தொழிலாளர்கள் சுவாசிக்கவும் உதவியது. 1871-இல் சுரங்கம் திறக்கப்பட்டது.

சரி, செலவு? அங்கேதான் யோசிக்க வேண்டும். காற்றை அழுத்தினால் சூடாகும்; கம்ப்ரசர் தலையைத் தொட்டவர்களுக்குத் தெரியும். அந்தச் சூடெல்லாம் நாம் காசு கொடுத்த கரண்ட். மொத்தத்தில் பத்து யூனிட் எரித்தால் கருவி முனையில் ஒன்றிரண்டு யூனிட் வேலை கிடைத்தால் பெரிது. ஆகவே நாள் முழுக்கப் பலகைக் கல்லை அறுக்கவும் தேய்க்கவும் மின் எந்திரமே போதும். அடி வேண்டிய இடம், முட்டி நிற்கிற இடம், நனைகிற இடம் ஆகியவற்றுக்குக் காற்று.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர். காற்றில் எப்போதும் ஈரம். 30 டிகிரி வெயிலும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அதை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி ஆறவிட்டால் பெரும்பகுதி தண்ணீராகிவிடும். நிமிடத்துக்கு 200 லிட்டர் இழுக்கும் சின்ன கம்ப்ரசரிலேயே மணிக்கு ஏறக்குறைய கால் லிட்டர்! அது டேங்க்கை அரிக்கும், கருவிக்குள் போய்த் துருவாகும். தினமும் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டும். குழாயில் நீர் பிரிப்பானும், கருவிக்கு இரண்டு சொட்டு எண்ணெயும் அவசியம்.

உடம்பு விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம். 1918-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் காற்று உளி பிடித்த கல் தொழிலாளர்களை மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் ஆராய்ந்தார். அதிர்வால் அவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போயிருந்தன. விரல் மரத்தால் வேலையை நிறுத்த வேண்டும். பழகிவிடும் என்று விடக்கூடாது. கருங்கல் தூசியில் உள்ள சிலிகா நுரையீரலைப் பாழாக்கும், அதற்கு மருந்தே கிடையாது. கல்லை நனைத்துக்கொண்டு, நல்ல முகமூடி போட்டுத்தான் செதுக்க வேண்டும். துணி கட்டுவது போதாது. வேலை முடிந்ததும் காற்றுக் குழாயால் சட்டைத் தூசியை ஊதுகிற பழக்கத்தையும் விட வேண்டும். அந்தக் காற்று காயத்தின் வழியாகத் தோலுக்குள் புகும், கண்ணையும் கெடுக்கும்.

அப்புறம் கசிவு. ஒரு மில்லிமீட்டர் ஓட்டை நிமிடத்துக்கு 70 லிட்டர் காற்றை வீணாக்கும்; சின்ன கம்ப்ரசரின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு. கருவிகளை நிறுத்திவிட்டு, டேங்க்கின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரின் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும், குமிழி வருகிற இடத்தில்தான் கசிவு.