செப்புக் குழாய்க்குள் ஓர் இட்லிப் பானை

பெரம்பூரில் வசிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் சென்ற மே மாதம் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி உதிரிபாகங்களை வாங்கி, தம் கையாலேயே ஒரு கணினியைப் பூட்டியிருக்கிறார். கணினியின் மூளையாக ரைசன் 5 7600 பிராசசர். அதன் மேல் நான்கு செப்புக் குழாய்களும், அவற்றில் கோபுரமாக அடுக்கிய அலுமினியத் தகடுகளும், ஒரு ஃபேனும் கொண்ட டவர் கூலர். அதே பிராசசரையும் அதே கூலரையும் வைத்து வெளிநாட்டுக்காரர் ஒருவர் எடுத்த காணொளியில் முழுச்சுமையில் 66 டிகிரி காட்டுகிறது. இவருடைய கணினியிலோ 80 டிகிரி. கடைக்காரர் போலியான கூலரைத் தலையில் கட்டிவிட்டாரா, அல்லது சென்னை வெயிலுக்கு, தண்ணீரைப் பம்பால் சுழல விட்டு வெப்பத்தை அகற்றும் தண்ணீர்க் கூலர்தான் சரிப்படுமா என்பது கேள்வி.

நான் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் அறையின் வெப்பநிலை என்ன? தலைக்கு மேல் மொட்டை மாடி, மாலை நான்கு மணி, 36 டிகிரி என்று பதில் வந்தது. காணொளி எடுக்கப்பட்ட அறை 22 டிகிரியில் இருந்ததை அதன் ஓரத்திலேயே சிறிய எழுத்தில் குறிப்பிட்டிருந்தார்கள். 80-இலிருந்து 36-ஐக் கழித்தாலும், 66-இலிருந்து 22-ஐக் கழித்தாலும் விடை 44. கடைக்காரர் மேல் பழி ஏதும் இல்லை.

கூலர் என்ற பெயர் கொஞ்சம் மிகையானது. ஃபிரிட்ஜைப் போல அது குளிரை உண்டாக்குவதில்லை. பிராசசரில் பிறக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய் அறைக்காற்றில் இறக்கி வைப்பதோடு அதன் வேலை முடிகிறது. வெப்பம் பாய வேண்டுமானால் பிராசசர் காற்றைவிடச் சூடாக இருந்தாக வேண்டும் என்பதும், வாட் கூடக் கூட அந்த வேறுபாடும் அதே விகிதத்தில் கூடும் என்பதும் பள்ளிப் பாடம். 88 வாட்டுக்கு 44 டிகிரி என்றால் வாட்டுக்கு அரை டிகிரி. அறை எவ்வளவு சூடாகிறதோ, பிராசசரும் அவ்வளவு சூடாகும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊரில் கூலர் வாங்குகிறவர், விளம்பரத்தில் உள்ள வெப்பநிலையை விட்டுவிட்டு, அறைக்கும் பிராசசருக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பார்ப்பது நல்லது.

88 வாட் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம், ஏனெனில் பெட்டியின் மேல் 65 வாட் என்றுதான் அச்சிட்டிருக்கும். அந்த எண் ஒரு வகைப்பாட்டுக் குறியீடு. முழுமூச்சாக வேலை செய்யும்போது இந்தப் பிராசசர் 88 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. இன்டெல்லின் ஐ5-12400, 65 வாட் என்ற அதே முத்திரையுடன் 117 வாட் வரை போகும். ஐ9-14900கே 253 வாட் வரை போகும். இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளிவருகிறது. இத்துடன் இடநெருக்கடி வேறு: 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 5 வாட் வெளியேறுகிறது என்றால், விரல் நகத்தளவு சிலிக்கான் துண்டில் அதே பரப்பிலிருந்து அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் வெளியேற வேண்டியிருக்கிறது.

இவ்வளவு சின்ன இடத்தில் பிறக்கும் வெப்பத்தை, 10, 15 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் அலுமினியத் தகடுகளின் அகன்ற பரப்புக்கு எப்படிக் கொண்டு போவது? செம்பு நல்ல வெப்பக்கடத்தி, ஆகவே ஒரு செப்புக் கம்பியை வைத்தால் போதும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும். 6 மில்லிமீட்டர் தடிமனும் 15 சென்டிமீட்டர் நீளமும் உள்ள திடமான செப்புக் கம்பி வழியே 25 வாட்டைக் கடத்த, அதன் இரு முனைகளுக்கும் இடையே 330 டிகிரி வேறுபாடு வேண்டும். பிராசசர் எப்போதோ செத்திருக்கும். ஆனால் அதே தடிமனில் கூலரில் இருக்கும் குழாய் அந்த 25 வாட்டைச் சில டிகிரி வேறுபாட்டிலேயே கடத்திவிடுகிறது. அதன் இரகசியத்தை நம் வீட்டு அடுப்படியில் நாள்தோறும் பார்க்கிறோம்.

இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் தண்ணீர் கொதிக்கிறது. ஆவி மேலே போகிறது. தட்டையும் மூடியையும் தொட்டதும் மறுபடி நீராகிச் சொட்டுகிறது. மூடியைத் திறக்கும்போது உட்புறம் முத்து முத்தாகத் தொங்கும் துளிகள், கொஞ்சம் சாய்த்தால் ஒன்றோடொன்று கூடி ஓடி மீண்டும் பானைக்குள் விழுகின்றன. இந்தச் சுற்றில் கைமாறும் வெப்பம் சாதாரணமானதல்ல. ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 293 ஜூல் போதும். 100 டிகிரியில் இருக்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்க மேலும் 2257 ஜூல், அதாவது ஏழு மடங்குக்கும் மேல், வேண்டும். ஆவி அந்த வெப்பத்தைச் சுமந்துகொண்டு போய், எங்கே நீராகிறதோ அங்கே முழுவதையும் கொட்டிவிடும். இட்லி வேகுவதும் அதனால்தான், ஆவி பட்டால் வெந்நீரைவிட மோசமாகக் கை பொத்துப்போவதும் அதனால்தான்.

கூலரின் குழாய் இரு முனையும் அடைக்கப்பட்ட ஓர் இட்லிப் பானை. தண்ணீர் 100 டிகிரியில்தானே கொதிக்கும், பிராசசரை அதுவரை விட முடியாதே என்ற ஐயம் நியாயமானது. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடுவதால் அரிசி வேக நேரமாகிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. குழாயைத் தயாரிக்கும்போது உள்ளிருக்கும் காற்றை முழுவதுமாக உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் தூய நீரை மட்டும் விட்டு அடைத்துவிடுகிறார்கள். உள்ளே தண்ணீருக்குத் துணை அதன் சொந்த ஆவி மட்டுமே. 40 டிகிரியில் அங்குள்ள அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தத்தில் 14-இல் ஒரு பங்கு. ஆகவே பிராசசர் பக்கத்து முனை கொஞ்சம் சூடேறினாலும் அங்கே நீர் ஆவியாகத் தொடங்கிவிடுகிறது, தகடுகளின் பக்கம் கொஞ்சம் குளிர்ந்தாலும் ஆவி நீராகிறது. பிரஷர் குக்கரின் நேர் எதிர் வேலை இது.

இட்லிப் பானையில் நீர் கீழே திரும்பி வருவதற்குப் புவியீர்ப்பு இருக்கிறது. கணினியிலோ பிராசசர் பொருத்தப்பட்டிருக்கும் தாய்ப்பலகை (மதர்போர்டு) செங்குத்தாக நிற்க, குழாய்கள் படுக்கையாகவும் வளைந்தும் கிடக்கின்றன. குளிர்ந்த முனையில் சேர்ந்த நீரைச் சூடான முனைக்கு யார் திருப்பி அனுப்புவது? இதற்கு விடை கார்த்திகை மாதத்து அகல் விளக்கில் இருக்கிறது. திரியின் நுனியில் எண்ணெய் எரிந்து தீரத் தீர, அகலில் இருக்கும் எண்ணெய் நூலிழைகளின் இடுக்குகள் வழியே தானாக மேலேறி வருகிறது அல்லவா, அந்த நுண்புழை ஏற்றம்தான் இங்கும் வேலை செய்கிறது. குழாயின் உட்சுவரில் செப்புத் தூளை, உருகாத அளவுக்குச் சூடேற்றி ஒன்றோடொன்று ஒட்ட வைத்து, ஒரு செப்புத் திரியை அமைத்திருக்கிறார்கள். அதிலுள்ள துளைகளின் ஆரம் மில்லிமீட்டரில் 30-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், நீரின் பரப்பு இழுவிசை மட்டுமே அதை 40 சென்டிமீட்டருக்கும் மேலே தூக்கிவிடும். கூலருக்கு அதில் பாதி உயரம்கூடத் தேவையில்லை.

என் பழைய மடிக்கணினி இனி தேறாது என்று ஆனபோது அதன் குழாயைக் கழற்றி ஹேக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் தளும்பும் என்று எண்ணிக் கீழே ஒரு கிண்ணம் வைத்திருந்தேன். ஒரு சொட்டுகூட விழவில்லை. சுவரில் ரவையை ஒட்ட வைத்ததுபோல் சொரசொரப்பான ஒரு படலம்; தீக்குச்சியால் சுரண்டியபோது குச்சியின் நுனி நனைந்தது, அவ்வளவுதான். 25 வாட்டைச் சுமக்க ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் ஒரு கிராம் நீர் ஆவியானால் போதும். குழாயில் மொத்தமாக இருப்பதும் ஏறத்தாழ அந்த அளவுதான். நீங்கள் விளையாடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அந்த ஒரே கிராம் நீர் பம்பும் மின்சாரமும் இல்லாமல், ஆவியாகப் போவதும் திரி வழியே திரும்புவதுமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் கணினியை மனத்தில் வைத்திருக்கவே இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் காக்லர் 1942-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், யாரும் பொருட்படுத்தவில்லை. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர், விண்வெளிக்கான அணு உலைகளின் வெப்பத்தைக் கடத்த வழி தேடியபோது, மறுபடியும் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். இன்று செயற்கைக்கோள்களிலும் மடிக்கணினிகளிலும் அது இருக்கிறது. ஆய்வுக்குப் பணம் கேட்டு விண்ணப்பம் போடுகிறவரிடம் மூன்று ஆண்டுக்குள் சந்தைக்கு என்ன வரும் என்று முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லும் நம் வழக்கத்தை நான் விரும்பாததற்கு இந்தக் குழாயும் ஒரு காரணம்.

கடைக்குத் திரும்புவோம். இட்லிப் பானையில் தண்ணீர் வற்றினால் அடி தீய்ந்துபோவதைப் போல, திரி கொண்டுவரும் நீரைவிட வேகமாக ஆவியானால் குழாயின் சூடான முனை வறண்டுவிடும். அதன்பின் அது வெறும் செப்புக் கூடுதான். 6 மில்லிமீட்டர் குழாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 40 வாட் என்பது பாதுகாப்பான கணக்கு. ஆகவே மாணவரின் 88 வாட்டுக்கு நான்கு குழாய் தாராளம். 150 வாட்டைத் தாண்டும் பிராசசருக்கு ஆறு குழாயும் இரட்டைக் கோபுரமும் வேண்டும். கூலரின் உயரத்தைக் கேபினெட்டின் அளவோடு ஒப்பிட மறக்கக் கூடாது: நாக்டுவா என்எச்-டி15 போன்ற பெரியவை 165 மில்லிமீட்டர் உயரம், பல கேபினெட்டுகளில் பக்கக் கதவு மூடாது. பிராசசருக்கும் கூலருக்கும் இடையே தடவும் பேஸ்ட், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களில் தங்கும் காற்றை வெளியேற்றுவதற்காக. காற்றைவிட நூறு மடங்குக்கும் மேலாகக் கடத்தும் என்றாலும் செம்போடு ஒப்பிட்டால் அது மந்தமானதே என்பதால், பட்டாணி அளவுக்கு மேல் வைப்பது வீண். முதல் கணினியைப் பூட்டியபோது நான் பேஸ்டை அளந்து அளந்து வைத்துவிட்டு, கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே திருகிவிட்டேன் என்பதையும் வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

ஃபேன் விஷயத்தில் பெரியதும் நிதானமானதும் வெல்லும். சுழற்சியை இரட்டிப்பாக்கினால் காற்று இரட்டிப்பாகும். ஆனால் அதைச் சுற்றத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும், இரைச்சலோ ஏறத்தாழ 15 டெசிபல் கூடும். எனவே சிறிய ஃபேனை விரட்டுவதைவிட 120 அல்லது 140 மில்லிமீட்டர் ஃபேனை மெதுவாக ஓட விடுவதே மேல். தகடுகள் நெருக்கமாக உள்ள கூலருக்கு, திறந்த வெளியில் நிறையக் காற்று தள்ளும் ஃபேனைவிட, எதிர்ப்பை மீறி அழுத்திச் செலுத்தும் அகன்ற இறக்கைகள் கொண்டது வேண்டும். நான்கு முள் இணைப்பு உள்ளதாகப் பார்த்து வாங்கினால், தாய்ப்பலகையே தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

எவ்வளவு நல்ல கூலரானாலும் அதற்குக் கிடைப்பது கேபினெட்டுக்குள் இருக்கும் காற்றுதான். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி பதித்து உள்ளே வண்ண விளக்கு எரியும் பெட்டிகள் கடையில் அழகாகத்தான் இருக்கின்றன. என் பணத்தை நான் முன்பக்கம் கம்பி வலை உள்ள பெட்டிக்கே கொடுப்பேன். முன்னால் இரண்டு ஃபேன் வடிகட்டி வழியே உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ளினால், உள்ளே அழுத்தம் சற்று மிகுந்து, சந்து பொந்துகள் வழியே தூசி நுழைவது குறையும். சாலைப் பணி நடக்கும் தெருவில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழுவத்தான் வேண்டும். புளோயரால் ஊதும்போது ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையேல் அது கட்டுக்கடங்காமல் சுழன்று பேரிங் கெட்டுவிடும். ஆயுத பூசைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. மாலையை மட்டும் காற்று நுழையும் வலையின் மேல் தொங்கவிட்டு ஒரு வாரம் மறந்துவிட வேண்டாம்.

தண்ணீர்க் கூலரும் அதே அறைக்காற்றிடம்தான் வெப்பத்தை ஒப்படைக்கிறது. 250 வாட் பிராசசருக்கு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் வைப்பதில் பொருள் உண்டு. 88 வாட்டுக்கு அது, பழுதாகக்கூடிய ஒரு பம்பைக் காசு கொடுத்து வாங்குவது. மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தகட்டைக் கொண்டு, அறையைவிடக் குளிர வைக்கும் பெல்டியர் வகையும் ஒன்று உண்டு. சென்னையின் புழுக்கத்தில் 25 டிகிரிக்கு இறங்கிய எந்தப் பரப்பிலும் பனிநீர் கோத்துக்கொள்ளும். தாய்ப்பலகையின் மேல் அது சொட்டுவதை யாரும் விரும்பமாட்டார்கள்.

மாணவருக்கு நான் எழுதிய பதில் சுருக்கமானது. அந்தப் பிராசசரின் எல்லை 95 டிகிரி, ஆகவே 80-க்கு அஞ்ச வேண்டியதில்லை. கேபினெட்டை மட்டும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கணினி அக்கினி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று வாஸ்து பார்த்தவர் சொன்னதாகவும், பின்பக்க ஃபேன் சுவரை முட்டிக்கொண்டு, தான் வெளியேற்றிய காற்றையே திரும்ப உள்ளே விட்டுக்கொண்டிருந்ததாகவும் பிறகுதான் தெரிந்தது. மேசையை நகர்த்தியதும் அதே 36 டிகிரி அறையில் 74 ஆனது. மார்கழியில் அவரிடமிருந்து இன்னொரு மடல் வந்தது: எதையும் மாற்றவில்லை, ஆனாலும் இப்போது 64 தான் காட்டுகிறது, பேஸ்ட் நன்றாகப் படிந்துவிட்டது போலிருக்கிறதே என்று. அறையின் வெப்பநிலை என்ன என்று மறுபடியும் கேட்டு எழுதினேன்.