கோபம் தலைக்கேறும்போது உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

அலுவலக வாட்ஸ்அப் குழுவில், எல்லோரும் பார்க்க, மேலதிகாரி கண்டித்து எழுதிவிடுகிறார். கொழும்பின் காலி வீதி நெரிசலில் பஸ் வெள்ளவத்தை வந்துசேரும்வரை அந்த ஒரு வரியே மனதில் ஓடுகிறது. "ஏன் எனக்கு மட்டும்?" என்று எத்தனை தரம் கேட்டாலும் பதில் வராது, படபடப்புத்தான் கூடும். சம்பவத்துக்குள்ளேயே நின்று யோசித்தால், அதே அவமானத்தை ஒவ்வொரு தரமும் புதிதாக அனுபவிக்கிறோம்.

தள்ளி நின்று, வேறொருவராக அதைப் பார்க்கும்போது கோபம் தணிகிறது என்பதை ஈதன் குரொஸ், ஓஸ்லெம் ஐடுக் ஆகிய உளவியலாளர்கள் 2005 ஆய்விலேயே காட்டினர். 2017இல் வெளியான மூளை அலை ஆய்வில், மனதுக்குள் தம்மைப் பெயர் சொல்லிப் பேசியவர்களின் கொந்தளிப்பு ஒரு வினாடிக்குள் குறையத் தொடங்கியது. அதற்கென்று மூளை கூடுதலாகப் பாடுபட்டதாகவும் தெரியவில்லை. களைத்த நேரத்துக்கும் இந்த முறையை நாங்கள் பரிந்துரைப்பது அதனால்தான்.

முதலில் பதில் எழுதாமல் போனைப் பைக்குள் வையுங்கள். நடந்ததை, அறை மூலையில் நிற்கும் ஒருவர் பார்ப்பதுபோல் பாருங்கள். பிறகு, உங்கள் பெயர் சுதா என்றால், மனதுக்குள் இப்படிக் கேளுங்கள்: "சுதா, உனக்கு எது நொந்தது? பிழை சொன்னதா, எல்லாருக்கும் முன்னால சொன்னதா?" பிழை சொன்னதுதான் என்றால் வேலையைத் திருத்தலாம். மற்றது என்றால் நாளை அவரிடம் தனியாகப் பேசலாம். அடுத்து, "பத்து வருடம் கழித்து சுதாவுக்கு இது எப்படித் தோன்றும்?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். அதற்கு மேல் நீண்டால் பெரும்பாலும் பழைய அசைபோடல்தான்.

பலருக்கு இது பிழையாகிப்போவது குரலில். முழுப்பெயரைக் கேட்டாலே வீட்டில் ஏச்சு வாங்கிய ஞாபகம் வரும். "சுதா, நீ எப்பவும் இப்படித்தான்" என்று தங்களையே ஏசத் தொடங்கிவிடுவார்கள். அப்படியானால் செல்லப்பெயரை வைத்து, தங்கையிடம் பேசுவதுபோல் பேசுங்கள். "பெரிசா எடுக்காதே" என்று உணர்ச்சியை அமுக்குவது வேறு விஷயம், அது உதவாது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு பார்த்து அழும் பிள்ளையிடம் உடனே "தள்ளி நின்று பார்" என்பதும் கொடுமை. முதலில் அழவிட்டுக் கேளுங்கள்.

வீட்டில் அடி வாங்குபவருக்கு இந்தப் பயிற்சியை மட்டும் சொல்லி அனுப்பக்கூடாது. அவருக்கு முதலில் பாதுகாப்பு வேண்டும். போர்க்கால நினைவுகள் திடீரென மீண்டு வந்து வதைத்தாலோ, தன் உடம்பே தனதில்லை என்று தோன்றினாலோ, தனியாக முயலாமல் உளவளத்துணையாளரிடம் செல்லுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.