‘இராணுவ மந்திரி’ என்பவர் யார்?

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தைப் பற்றிய செய்தி ஒன்றை அண்மையில் திருவையாற்றுத் தேநீர்க் கடையில் படிக்க நேர்ந்தது. 2013 மே மாதத்தில் அத்தளத்தைத் திறந்துவைத்த, ஆங்கிலத்தில் ‘டிஃபென்ஸ் மினிஸ்டர்’ எனப்படும் நடுவணரசுப் பதவியில் அப்போது இருந்த ஏ.கே. அந்தோணியை அதில் ‘இராணுவ மந்திரி’ என்று குறித்திருந்தார்கள். இந்தத் தொடரைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டதால் எழுதுகிறேன்.

மந்திரி வடசொல், ஆலோசனை என்னும் பொருளுள்ள மந்திரத்திலிருந்து வந்தது. இப்பதவியை இந்தியில் ‘ரக்ஷா மந்திரி’ என்பர். ரக்ஷா என்றால் காத்தல். இராணுவம் தெலுங்கிலும் கன்னடத்திலும் படையைக் குறித்து வழங்கும் சொல். அயற்சொல் என்பதற்காக அதை நான் தள்ளவில்லை. நாயக்கரும் மராட்டியரும் ஆண்ட இந்த மண்ணில் அப்படித் தள்ளத் தொடங்கினால் நம் விவசாயிகள் ஜமாபந்திக்கே போக முடியாது.

குற்றம் பொருளில் இருக்கிறது. ‘இராணுவத் தளபதி’ என்று எழுதும்போது தரைப்படைத் தலைவரை மட்டுமே குறிக்கும் அதே செய்தியாளர், விமானப்படைத் தளத்தைத் திறக்க வந்தவரை ‘இராணுவ மந்திரி’ ஆக்குவது எந்தக் கணக்கு? முப்படைகளோடு படைக்கலத் தயாரிப்பு, ஆராய்ச்சி, முன்னாள் படைவீரர் நலம் ஆகியவையும் இவர் பொறுப்பில் அடங்கும். பட்டுக்கோட்டையை அடுத்த இராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் இப்பதவியில் இருந்தபோதுதான், 1983இல், ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் தொடங்கியது. அது ஆராய்ச்சி நிறுவனத்தின் பணியேயன்றித் தரைப்படையின் பணியன்று.

தனித்தமிழ் அன்பர்கள் ‘படைத்துறை அமைச்சர்’ என்பார்கள். சொல் செம்மையானதுதான், ஆனால் படை கருவி, காப்பு அதன் நோக்கம். ‘படைகுடி கூழ்அமைச்சு நட்பரண்’ என்று வள்ளுவர் படையையும் அமைச்சையும் வேறு வேறு உறுப்புகளாக எண்ணியதையும் அவர்கள் நினைக்க வேண்டும். அமெரிக்கர்களே போர்த்துறை என்ற பழம்பெயரை 1947இல் கைவிட்டு, 1949இல் பாதுகாப்புத் துறை என்று வைத்துக்கொண்டார்கள்; 2025இல் பழம்பெயரைத் துணைப்பெயராக மீண்டும் எடுத்துக்கொண்டது வேறு கதை.

ஆகவே ‘பாதுகாப்புத் துறை அமைச்சர்’ என்பதே தகும். ‘துறை’யை விட்டுவிட்டுப் ‘பாதுகாப்பு அமைச்சர்’ என்று சுருக்குவதும் எனக்கு உவப்பில்லை, இலங்கைத் தமிழில் அது நிலைபெற்ற வழக்காகவே இருந்தாலும். சாலைப் பாதுகாப்பு, உணவுப் பாதுகாப்பு, 2020 முதல் நம் வயல்களுக்கே ‘பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்’ என்று அச்சொல் எங்கும் பரவிக் கிடக்கையில், எந்தத் துறை என்று காட்ட ஒரு சொல் வேண்டாமா? தலைப்பில் இடம் போதாது என்று செய்தியாளர்கள் சொல்வார்கள். பிறந்தநாள் வாழ்த்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கும் இதழில் ‘துறை’ என்னும் இரண்டெழுத்துக்குத்தான் இடம் கிடைப்பதில்லை.